எஞ்சிய சிறுநீரகக் கல் துணுக்குகள்

எஞ்சிய சிறுநீரகக் கல் துணுக்குகள் என்பன, சிறுநீரகக் கல்லை உடைத்து அகற்றும் சிகிச்சைக்குப் பின்னரும் சிறுநீரகத்திலோ சிறுநீர்க்குழாயிலோ தங்கிவிடும் கல்லின் சிறு பகுதிகள் ஆகும். துணுக்கு எதுவும் காணப்படாத நிலை கல்லற்ற நிலை எனப்படுகிறது. ஒருவர் கல்லற்ற நிலையை அடைந்துள்ளார் என்னும் முடிவு, அவர் எந்தக் கருவியால், எப்போது பரிசோதிக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தது.

தோன்றும் விதம்

1976 இல் சுவீடனைச் சேர்ந்த பெர்ன்ஸ்ட்ராம், யோகான்சன் ஆகியோர் முதுகுப்புறத் துளை வழியாகக் கல்லை அகற்றும் முறையை வெளியிட்டனர். 1980 இல் செருமனியின் மியூனிக் நகரில், உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை உடைக்கும் முறை முதன்முதலாக மனிதரில் கையாளப்பட்டது. பின்னர் சிறுநீர்ப்பை வழியே செல்லும் அகநோக்கியும் லேசர் கதிரும் பயன்பாட்டுக்கு வந்தன. இம்முறைகளில் கல் பெரும்பாலும் உடைக்கப்படுவதால் துணுக்குகள் உண்டாகின்றன. அதிர்வலை முறையில் அவை சிறுநீருடன் தாமாகவே வெளியேற வேண்டும். சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணத்தில் உள்ள துணுக்குகள் மேல்நோக்கி நகர வேண்டியிருப்பதால் எளிதில் தங்கிவிடுகின்றன.

கண்டறியும் முறைகள்

அகநோக்கி: அறுவையின் முடிவில் சிறுநீரகக் கிண்ணங்கள் ஒவ்வொன்றும் நேரடியாகப் பார்க்கப்படுகின்றன. இரத்தமும் கல்தூளும் பார்வையை மறைக்கக்கூடும்.

எக்சு-கதிர்ப் படம்: எளியது, செலவு குறைந்தது. கால்சியம் கற்கள் இதில் பொதுவாகத் தெரியும். யூரிக் அமிலக் கற்கள் எக்சு-கதிரைப் போதிய அளவு தடுக்காததால் தெரிவதில்லை. குடல் வாயுவும் எலும்பும் சிறு துணுக்குகளை மறைக்கின்றன.

மீயொலி நோட்டம்: கதிர்வீச்சு அற்றது, சிறுவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஏற்றது. சிறுநீரக வீக்கத்தையும் காட்டும். எனினும் மிகச் சிறிய துணுக்குகளையும், சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் உள்ளவற்றையும் தவறவிடக்கூடும்.

சி.டி. ஸ்கேன்: சாயமருந்து செலுத்தாமல் எடுக்கப்படும் இதுவே மிகுந்த உணர்திறன் உடையது. யூரிக் அமிலக் கற்களும் இதில் தெரியும். வெட்டுப்படங்களின் தடிமன் 5 மில்லிமீட்டராக இருப்பின் சிறு துணுக்குகள் விடுபடலாம்; ஆகவே மெல்லிய வெட்டுப்படங்கள் விரும்பப்படுகின்றன. கதிர்வீச்சைக் குறைக்கக் குறைந்த அளவுக் கதிர் முறை உண்டு. உடற்பருமன் மிகுந்தோரில் அதன் துல்லியம் குறைகிறது.

பரிசோதனைக்குரிய காலம்

அறுவை முடிந்த உடனே எடுக்கும் படத்தில், பின்னர் தாமாக வெளியேறிவிடக்கூடிய தூளும் துணுக்காகத் தோன்றலாம். டி.ஜே. ஸ்டென்ட் எனப்படும் வடிகுழாய் அருகிலுள்ள துணுக்குகளை மறைக்கவும் கூடும். எனவே பொதுவாக 4 வாரம் முதல் 3 மாதம் வரையிலான காலத்தில் பரிசோதனை செய்யப்படுகிறது. காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் அடைப்பு ஆகியவை தோன்றினால் காத்திராமல் உடனே பரிசோதிக்க வேண்டும்.

முக்கியத்துவம்

4 மில்லிமீட்டருக்கு மேற்படாத, வலியோ தொற்றோ தராத துணுக்குகள் முன்னர் மருத்துவ முக்கியத்துவம் அற்றவை எனப்பட்டன. அவற்றுள் சில பின்னர் வளர்ந்தும், நகர்ந்து அடைப்பை உண்டாக்கியும் மறுசிகிச்சையைத் தேவையாக்குவது அறியப்பட்டதால், இப்பெயர் பொருத்தமற்றது எனப் பலர் கருதுகின்றனர். தொற்றினால் உருவாகும் சுட்ருவைட்டுக் கல்லின் துணுக்கில் பாக்டீரியாக்கள் தங்கியிருப்பதால், சிறு துணுக்கும் மீண்டும் பெருங்கல்லாக வளரக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 3 மில்லிமீட்டர் அளவுள்ள யூரிக் அமிலத் துணுக்கு உடைய ஒருவர் எக்சு-கதிர்ப் படத்தின்படி கல்லற்றவர், சி.டி. ஸ்கேனின்படி கல் உள்ளவர். இத்துணுக்கு கண்டறியப்பட்டால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் அதனைக் கரைக்க இயலும். கண்டறியப்படாவிடில் அது வளர இடமுண்டு. இரு சிகிச்சை முறைகளின் வெற்றி விகிதங்களை ஒப்பிடும்போதும், இரண்டிலும் பயன்பட்ட பரிசோதனை, அதன் காலம், ஏற்கப்பட்ட துணுக்கின் அளவு ஆகியவை ஒன்றாக உள்ளனவா என நோக்குதல் அவசியம்.