காரணிகளைக் கூட்டுதல்

220-ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை, அவ்வெண் நீங்கலாகக் கூட்டினால் 284 கிடைக்கும். 284-க்கும் அவ்வாறே செய்தால் 220 வரும். இத்தகைய நேச எண்களுக்கு ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் விதி கண்டவர் பக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா. அவ்விதிக்குப் புதிய நிறுவல் தேடிய கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதையே முறைப்பட ஆராய்ந்தார். அல்ஜீப்ராவைப் பேசும் நாம் இதனை ஏனோ பேசுவதில்லை.

இதே காரணிகளைச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த இராமானுசன் வேறு நோக்கில் அணுகினார். தம்மினும் சிறிய எண்கள் அனைத்தையும் விட மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1915-ல் வெளிவந்தது. இலண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தமையால் அதன் ஒரு பகுதி அச்சேறவில்லை. 1997-ல்தான் அது ஆய்விதழொன்றில் பதிப்பிக்கப்பெற்றது. ஓர் எண்ணின் காரணிக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகக் கூடும் என்பதை, ரீமான் கருதுகோளை மெய்யெனக் கொண்டு அவர் கணித்தது அப்பகுதியில்தான். ஸீட்டா சார்பின் வெளிப்படையல்லாத சுழிகள் யாவும் மெய்ப்பகுதி 1/2 ஆகிய ஒரே நேர்க்கோட்டில் அமையும் என்பதே 1859-ல் ரீமான் முன்வைத்த அக்கருதுகோள்.

இத்தொடர்பின் முழு வலிமையை 1984-ல் பிரெஞ்சு அறிஞர் ராபின் காட்டினார். எண்ணை அதன் இயல்மடக்கையின் இயல்மடக்கையாலும், பின்னர் ஏறத்தாழ 1.781 என்னும் மாறிலியாலும் பெருக்கி ஓர் எல்லை வகுக்கலாம். 5040-இன் காரணிகளின் கூட்டுத்தொகை 19344. எல்லையோ சுமார் 19237. இதற்கு மேற்பட்ட எண் ஒன்றேனும் தன் எல்லையை எட்டுமாயின் ரீமான் கருதுகோள் பொய்; எதுவும் எட்டாதெனில் மெய்.

அவ்வாறு எட்டும் எண் உண்டெனில், இராமானுசன் அச்சேறாத பக்கங்களில் கண்ட தனி வரிசையிலேயே ஒன்று அகப்படும்: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040... ஒவ்வொன்றும் முந்தையதை ஒரு பகா எண்ணால் பெருக்கப் பிறக்கிறது. என்றும் அப்படித்தானா? 1944-ல் இவ்வெண்களை மீண்டும் கண்டறிந்த அலாவோக்லுவும் எர்டோஷும் இங்கே தடைப்பட்டனர். விடை சொல்ல விஞ்சிய எண்களின் கோட்பாடு வேண்டியிருந்தது. முழு எண்ணல்லாத ஒரே அடுக்கை இரு வெவ்வேறு பகா எண்களுக்கு ஏற்றினால் இரண்டும் விகிதமுறு எண்களாகுமா என்பதே வினா. மூன்று பகா எண்களுக்கு அது இயலாதென ஸீகல் அறிந்திருந்தார். அதனை உள்ளடக்கிய விரிந்த தேற்றத்தை 1960-களில் லேங்கும், மாண்டியாவில் பிறந்த கே. இராமச்சந்திராவும் தனித்தனியே நிறுவினர்; ஸீட்டா சார்பிலும் பெரும்பணி ஆற்றியவர் இராமச்சந்திரா. எனவே ஒரு படிக்கு இரண்டுக்கு மேற்பட்ட பகா எண்கள் சேரா. இரண்டு சேருமா என்பதை மட்டும் இன்றளவும் எவரும் நிறுவவில்லை.