மனச்சோர்வு மருந்தும் உடல் நோவும்



ஒரு மருந்துக்கு ஒரு வேலைதான் உண்டு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். எனக்கும் அவ்வெண்ணமே இருந்தது. நீரிழிவு நோயினால் என் பாதங்கள் இரண்டும் இரவெல்லாம் தீயிலிட்டாற் போல எரிய, மருத்துவமனையிற் சில நாள் தங்கினேன். இரவில் உண்ணுமாறு அமிட்ரிப்டிலின் என்னும் சிறு மாத்திரையொன்றை மருத்துவர் எழுதித் தந்தார். அடுத்த கட்டிலில் இருந்தவருடைய மகன், மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன், அதைப் பார்த்து, "ஐயா, இது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்தல்லவா?" என்றான். என் முகம் சுருங்கிவிட்டது. எரிச்சல் காலில் இருக்க, மருந்து மனத்துக்கா? என் நோவைப் பொய்யென்று கருதிவிட்டாரோ? இவ்வாறு வருந்தி, இரண்டு இரவுகள் மாத்திரையை உண்ணாமல் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மருத்துவர் அதைக் கண்டுகொண்டார். கடிந்து பேசவில்லை, அருகில் அமர்ந்து விளக்கினார். அவர் சொன்னதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் இங்கே கூறுகின்றேன்.

1952ஆம் ஆண்டில், நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவின் சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நுரையீரலுக்கென்று கொடுத்த மருந்து, சோர்ந்து கிடந்தோரின் உள்ளத்திலும் கிளர்ச்சியை உண்டாக்கிற்று. 1957இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். அதன் இனத்தைச் சேர்ந்ததே அமிட்ரிப்டிலின். உடலுக்கென வந்த மருந்து உள்ளத்துக்கு உதவிற்றென்றால், உள்ளத்துக்கென வந்தது உடலுக்கு உதவுவதில் வியப்பென்ன?

அஃது எவ்வாறு உதவுகின்றது? பாதத்தில் எழும் நோவுச் செய்தி நரம்பு வழியே தண்டுவடத்தை அடைந்து, மூளைக்கு ஏறுகின்றது. மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கும் நரம்புகளும் உண்டு. அவை தண்டுவடத்தில் வாயிற்காவலர் போல் நின்று, அச்செய்தியை அடக்குகின்றன. இவ்வேலைக்கு நார் அட்ரினலின், செரோடோனின் என்னும் இரு பொருள்கள் பயன்படுகின்றன. நரம்பு முனைகள் இவற்றை வெளியிட்டபின் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலை மருந்து தடுக்கின்றது. ஆகவே காவல் வலுப்பெறுகின்றது.

நோவு மெய்யானது என்பதற்கு இதனுள்ளேயே சான்று உண்டு. மனச்சோர்வு சிறிதும் இல்லாதவர்க்கும் இம்மருந்தினால் நோவு தணிகின்றது. அளவும் வேறு. மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். நரம்பு நோவுக்கு 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவர். அக்கி ஆறியபின் நீடிக்கும் நோவுக்கும், ஒற்றைத் தலைவலி வாராமல் தடுப்பதற்கும் இதைக் கொடுப்பதுண்டு. டுலோக்செட்டின் என்னும் மற்றொரு மனச்சோர்வு மருந்து, நீரிழிவினால் வரும் நரம்பு நோவுக்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எனினும் இவை எல்லார்க்கும் பயன் தருவன அல்ல. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அமிட்ரிப்டிலினால் வாய் உலரும், மலம் கட்டும், தூக்கக் கலக்கம் வரும். முதியோர் எழும்போது தலை சுற்றி விழவும் கூடும். இதயத் துடிப்பிற் கோளாறு, கண்ணழுத்த நோய், சிறுநீர்த் தடை ஆகியவை உடையோர் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லவேண்டும். தாமாக அளவைக் கூட்டுதலும், திடீரென நிறுத்துதலும், பிறர்க்குக் கொடுத்தலும் ஆகா.

மூன்றாம் வாரத்தில் என் எரிச்சல் குறைந்தது, முற்றும் நீங்கவில்லை. ஆயினும் விடியும்வரை உறங்கினேன். "ஐயம் இருந்தால் எழுந்து கேள்" என்று மாணவர்க்குப் பல்லாண்டு சொல்லிவந்த நான், எனக்கு ஐயம் வந்தபோது வாய் திறவாமல் மாத்திரையை ஒளித்தேன். நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். "இம்மருந்து எனக்கு எதற்காக?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதற்கு விடை கூறுவது மருத்துவரின் கடமை.