நாய் சும்மா குரைப்பதில்லை

முதலில் காது நிமிரும். பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல். அதன்பிறகு இரண்டு மூன்று குரைப்பு. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இருக்கும் சடைநாய் ஜிம்மிக்கு நான்கு கிலோ எடைகூட வராது. கடந்த மாரிகாலத்தில் அது ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் இப்படிச் செய்தது. எழுந்து பார்த்தால் முற்றத்தில் ஒன்றும் இருக்காது. படலை பூட்டியபடி இருக்கும். ஒழுங்கையில் ஆளிருக்காது.

எனக்கு அது நித்திரைக் குழப்பம் மட்டும்தான். அம்மாவுக்கு அப்படியல்ல. ஜிம்மி உறுமத் தொடங்கியதும் பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் மின்குமிழைப் போட எழுந்தால் கையைப் பிடிப்பார்.

"லைட்டைப் போடாதை பிள்ளை. சத்தம் போடாமல் இரு."

பிறகு விடியும்வரை அவர் கண்மூடுவதில்லை. கிளினிக்கில் பிரஷர் கூடிவிட்டது என்றார்கள். அண்ணா தொலைபேசியில், "அந்த நாயை ஆருக்கும் குடுத்துவிடுங்கோ" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் கொடுப்பதற்கு முன்னர், அது எதைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்று அறிய விரும்பினேன். மூன்று வாரம் ஒரு கொப்பியில் நேரத்தையும் காரணத்தையும் குறித்தேன். நாய்களின் புலன்கள் பற்றித் தேடி வாசித்தேன். அதில் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். எங்கள் பகுதியில் இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்காருபவர் என் அம்மா மட்டுமல்ல என்பதும் இதை எழுத ஒரு காரணம்.

எங்களுக்குக் கேட்காதது

இரவில் நாய் வெறும் இருட்டைப் பார்த்து உறுமினால் எமதூதர் வருகிறார் என்பார் எங்கள் அம்மம்மா. நாய் வைரவரின் வாகனம், அதன் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பது அவரது நம்பிக்கை. எமதூதரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒன்று நாய்க்குத் தெரிகிறது என்ற மட்டில் அம்மம்மா சொன்னது சரி.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளைக் கேட்கும். வயது போகப் போக மேல் எல்லை இன்னும் குறையும். நாயின் காது ஏறத்தாழ 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். எலிகள் பயந்தால் ஒன்றையொன்று எச்சரிக்க 22,000 ஹேர்ட்ஸ் அளவில் சத்தமிடும். விளையாடும்போது 50,000 ஹேர்ட்ஸ் அளவிலும் கத்தும். அதாவது கூரைக்குள் எலிகள் இப்படிச் சத்தமிட்டுக்கொண்டே இருந்தாலும், எங்களுக்கு வீடு அமைதியாகத்தான் இருக்கும். நாய்க்கு அப்படியில்லை. சில தொலைபேசி சார்ஜர்களும் மின்சாதனங்களும் எழுப்பும் மெல்லிய கீச்சொலியும் இப்படித்தான்.

நாய் தன் காதுகளைத் தனித்தனியாகத் திருப்பி, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிக்கும். மூக்கின் பலம் அதைவிடப் பெரிது. மனித மூக்கில் வாசனையை உணரும் கலங்கள் சில மில்லியன்கள்தான். நாய்களுக்குப் பொதுவாக அது நூறு மில்லியனுக்கும் மேல். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் படலையடியால் போன மரநாயின் மணம் காற்றுத் திரும்பும்போது வீட்டுக்குள் வந்தால், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாயைப் பொறுத்தவரை மரநாய் இன்னும் படலையடியில்தான் நிற்கிறது. கண்ணும் அப்படியே. நிறங்களை எங்களைவிடக் குறைவாகத்தான் அது பிரித்தறியும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அசைவைப் பிடிப்பதில் எங்களை வென்றுவிடும்.

ஆகவே, "ஒன்றுமில்லாததற்குக் குரைக்கிறது" என்று நாம் சொல்லும்போது, எங்கள் காதின் எல்லையைத்தான் சொல்கிறோம்.

ஏன் சின்ன நாய்கள்?

சின்ன நாய்களுக்குக் காது கூர்மை, அதனால்தான் கூடக் குரைக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஹெஃப்னர் 1983இல் இதைச் சோதித்தார். நான்கு கிலோ சிவாவாவிலிருந்து நாற்பத்தைந்து கிலோ சென்ற் பேர்னார்ட் வரை, நான்கு நாய்களின் கேட்கும் திறனை அளந்தார். உடலின் பருமனுக்கும் கேட்கும் எல்லைக்கும் ஒழுங்கான தொடர்பு எதுவும் தெரியவில்லை. சின்ன நாயும் பெரிய நாயும் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான். கேட்டபின் செய்வதில்தான் வித்தியாசம்.

ஒரு காரணம் வளர்ப்பு வரலாறு. எங்கள் ஊர்களில் அதிகம் காணப்படும் பொமரேனியன் போல்டிக் கடற்கரைப் பகுதியின் பெயரைக் கொண்டது. அதன் மூதாதையர் பெரிய உடல்கொண்ட ஸ்பிட்ஸ் நாய்கள். 19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக பிரித்தானிய மகாராணி விக்டோரியா இந்த நாய்களை வளர்க்கத் தொடங்கிய பின்னர், உருவத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி வளர்த்தார்கள். உடம்பு சிறுத்தது. காவல் குணம் சிறுக்கவில்லை. டெரியர் வகை நாய்கள் வளைக்குள் இருக்கும் எலி, நரிகளைக் கண்டால் குரைத்துக் காட்டவே வளர்க்கப்பட்டவை.

இரண்டாவது காரணம் பயம். நான்கு கிலோ உயிருக்கு எங்கள் செருப்புக் கால்கூட ஆபத்துத்தான். ஓடித் தப்பவோ சண்டை பிடித்து வெல்லவோ அதனால் முடியாது. நேரத்தோடு சத்தம் போடுவது ஒன்றுதான் அதன் பாதுகாப்பு.

மூன்றாவது காரணம் நாங்கள். வியன்னாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, சின்ன நாய்களை வளர்ப்பவர்கள் அவற்றோடு ஒருநாள் ஒருமாதிரியும் மறுநாள் வேறுமாதிரியும் நடப்பது அதிகம் என்றும், அவற்றைப் பழக்குவது குறைவு என்றும் கண்டது. அடிக்கடி தண்டிக்கப்படும் நாய்கள் கூடுதலாக ஆக்ரோஷமாகவும் பதற்றமாகவும் இருந்தன. இது சின்ன நாய்களில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பெரிய நாய் உறுமினால் நாங்கள் உடனே கவனிப்போம். சின்ன நாய் உறுமினால் சிரிப்போம், அல்லது செருப்பை எறிவோம்.

குரைப்பை வாசிக்கத் தெரிந்த சனம்

ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் முடி எனப்படும் உள்ளூர் மேய்ப்பு நாயின் குரைப்புகளைப் பதிவுசெய்து ஆட்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். அந்நியரைக் கண்டபோது, தனியே கட்டிவைக்கப்பட்டபோது, பந்து கேட்டபோது எனப் பல குரைப்புகள். நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள்கூட எது எதுவென்று ஓரளவு சரியாகச் சொன்னார்கள். 2005இல் இது வெளிவந்தது.

எங்கள் சனத்துக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. சுற்றிவளைப்புக் காலத்தில் நாய்க் குரைப்புத்தான் முதல் செய்தி. எந்தச் சந்தியில் தொடங்கியது, எந்த ஒழுங்கைக்கு வந்தது, யாருடைய வீட்டு நாய் இப்போது குரைக்கிறது என்று இருட்டுக்குள் இருந்தபடியே பெரியவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். குரைப்பு எங்கள் வீட்டைக் கடந்து அடுத்த ஒழுங்கைக்குப் போனால்தான் மூச்சு வரும். கடந்து போனது வேறொரு வீட்டுக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். போர் முடிந்தபின், 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் பற்றிய பயம் பரவிய நாட்களிலும் நாய் குரைத்தால் ஊரே எழுந்து நின்றது.

வன்னியில் எங்களுக்கு வீரன் என்றொரு நாய் இருந்தது. அது ஊர்நாய், மண்ணிறம். வண்டு சுற்றும் இரைச்சலோ கிபிர் வரும் சத்தமோ எங்களுக்குக் கேட்க முன்னரே அது காதை நிமிர்த்தி, பங்கருக்குள் போய்விடும். அதைப் பார்த்து அப்பா எங்களையும் இறக்குவார். மெல்லிய சத்தத்தைப் பிடிக்கும் காதும், அந்தச் சத்தம் வந்தால் வீட்டார் ஓடுவார்கள் என்ற அனுபவமும் சேர்ந்து அதற்கு அதைக் கற்றுக்கொடுத்தன. 2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் வீரனுக்கு இடமிருக்கவில்லை. கொஞ்சத்தூரம் பின்னால் ஓடிவந்தது. இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. இதை வாசிக்கும் பலரிடம் இப்படி ஒரு நாயின் கதை இருக்கும். அதன் பின்னர் அம்மா நாய் வேண்டாம் என்றே இருந்தார். ஜிம்மி எங்கள் அண்ணாவின் மகளின் பிடிவாதத்தால் வந்தது.

போர் நாயின் காதையும் மாற்றும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 650 அமெரிக்க இராணுவ நாய்களில் ஐந்து வீதத்துக்கும் மேற்பட்டவை போருக்குப் பிந்திய மனவடுவின் அறிகுறிகளைக் காட்டுவதாக அந்த நாட்டு இராணுவ மிருக வைத்தியர்கள் 2011இல் கூறினார்கள். சில நாய்கள் எதற்கும் திடுக்கிட்டன. சில, முன்பு பழகிய இடங்களுக்குள் போக மறுத்தன. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கள் மக்களிடம் கண்டு எழுதியதும் இதே காயத்தைத்தான். ஆபத்துப் போனபின்னும் உடம்பு காவலுக்கு நிற்பது அதன் ஓர் அறிகுறி. அம்மா "சும்மா" பயப்படுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஜிம்மி "சும்மா" குரைக்கிறது என்று நினைத்ததும் நான்தான்.

மூன்று வாரக் கொப்பி

முதலில் ஜிம்மியை மிருக வைத்தியரிடம் காட்டினேன். காதில் புண்ணில்லை, வலியில்லை. பிறகு இருபத்தொரு இரவுகளில் முப்பத்தொரு தடவை குறித்தேன். பன்னிரண்டு தடவை கூரைக்குள் எலி. டோர்ச் அடித்துப் பார்த்தும், காலையில் கிடந்த புழுக்கையைப் பார்த்தும் உறுதிசெய்தேன். ஏழு தடவை, பின் ஒழுங்கையில் இருப்பவர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் நேரம். எனக்கு அந்தச் சத்தம் கேட்க முன்னரே ஜிம்மிக்குக் கேட்டுவிடும். மூன்று தடவை மரநாய். நான்கு தடவை காரணம் பிடிபடவில்லை.

மிச்சம் ஐந்து தடவையும் வேறுமாதிரி. குரைப்பு இல்லை, உறுமல் மட்டும். மூக்கு கதவிடுக்கில். நேரம் எப்போதும் எலிக்குக் குரைத்துச் சற்று நேரத்துக்குப் பிறகு. பதினோராவது இரவு நான் விளக்கில்லாமல் முற்றத்தில் இறங்கிப் போனேன். முன்வீட்டுப் படலையடியில் ஒருவர் நின்றார். அந்த வீட்டு அன்ரிதான்.

"என்ன அன்ரி, இந்த நேரத்திலை?"

"நித்திரை வரேல்லை பிள்ளை. உங்கடை நாய் குரைச்சது. ஆரும் வருகினமோ எண்டு பாத்தனான்."

2009 மேயில் அவர் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த மகன் இன்னும் வீடு வரவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே போய் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். எலிக்கு ஜிம்மி குரைக்கிறது. குரைப்புக்கு அன்ரி படலைக்கு வருகிறார். அன்ரியின் அசைவுக்கு ஜிம்மி உறுமுகிறது. உறுமலுக்கு அம்மா எழுந்து இருட்டில் உட்காருகிறார். ஒரு பெண் யாராவது வரமாட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்றவர் யாரும் வந்துவிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு நான்கு கிலோ நாய்.

என்ன செய்யலாம்?

நாய் குரைத்தால் நாங்களும் கத்தக்கூடாது. நாங்களும் சேர்ந்து குரைக்கிறோம் என்றே அது விளங்கிக்கொள்ளக்கூடும். எழுந்து போய், அது பார்க்கும் திசையைப் பார்த்து, அமைதியான குரலில் அழைத்துத் திரும்ப வேண்டும். அமைதியாக வந்தால் ஒரு துண்டு பிஸ்கற் கொடுக்கலாம். உறுமலுக்கு அடித்தால் பயம் போகாது. அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். படுக்கும் இடத்தைக் கதவிலிருந்தும் படலையிலிருந்தும் தள்ளி, வீட்டின் உட்பக்கம் மாற்றலாம். பகலில் நடக்கவிட்டால் இரவில் தூங்கும். எலியை ஒழிப்பதும் வைத்தியம்தான். ஆனால் நஞ்சு வைக்கவேண்டாம். அதையோ நஞ்சுண்ட எலியையோ நாயும் தின்னும்.

என்றும் குரைக்காத நாய் திடீரென மாறினால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதுநோய், வலி, முதுமையில் வரும் மறதி எல்லாம் காரணமாகலாம். குணம் சட்டென மாறி, வாயில் எச்சில் வடிந்து, விழுங்கக் கஷ்டப்பட்டால் கிட்டப் போகவேண்டாம், விசர் நோயாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வருடாந்தத் தடுப்பூசியைத் தவறவிடவேண்டாம்.

இரவில் எழுந்து உட்காரும் மனிதருக்கும் "ஒண்டுமில்லை, படுங்கோ" என்பது போதாது. அதை நான் வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்தவள். கொப்பியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. நித்திரையின்மை நீடித்தால் உளநலப் பிரிவில் காட்டுவதில் வெட்கமில்லை. அம்மாவும் இப்போது மாதம் ஒருமுறை போகிறார்.

ஜிம்மியை யாருக்கும் கொடுக்கவில்லை. அது இன்னும் உறுமுகிறது. சில இரவுகளில் அம்மா இன்னும் என் கையைப் பிடிக்கிறார். மற்ற இரவுகளில் படுத்தபடியே கேட்கிறார்:

"எலியோ பிள்ளை, அவவோ?"

அவ என்றால் நான் லைட்டைப் போட்டுக்கொண்டு படலையடிக்குப் போகிறேன்.