காலாங் கரையில் கைவீசி நடப்போம்

மாலை 6 மணி. வெயில் தாழ்ந்ததும் சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஆற்றோரப் பாதை களைகட்டுகிறது. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவரும் பாட்டி, அலுவலகச் சட்டையோடு காலணியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தவர், முழங்காலில் பட்டை கட்டிய தாத்தா என்று எல்லா வயதினரும் வருகிறார்கள். பாலத்தருகே திடீரென ஒரு கூட்டம். கீழே, நீர்நாய் ஒன்று இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடித்துத் தின்கிறது. அது தின்று முடிக்கும்வரை யாரும் நகரவில்லை.

வீட்டுக்குள் ஓடுபொறி வாங்கிப் போட்டு, இரண்டே மாதத்தில் அதில் துணி காயப்போடுபவர்கள் உண்டு. இந்தப் பாதைக்கு மட்டும் மக்கள் அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

கால்வாய் ஆறான கதை

காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. அதன் நீளமே சுமார் 10 கிலோமீட்டர்தான். கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஓடி மரினா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. இந்தப் பூங்காவை ஒட்டிய பகுதி முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக வெட்டிய கான்கிரீட் கால்வாயாக இருந்தது. மழைநீரை விரட்டி அனுப்புவது மட்டுமே அதன் வேலை.

அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012 மார்ச்சில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பெயர்த்த பாளங்கள்கூட வீணாகவில்லை. அவற்றை அடுக்கி எழுப்பிய மேடு பூங்காவுக்குள்ளேயே நிற்கிறது. நடக்க வருகிறவர்கள் மூச்சு வாங்க அதில் ஏறி இறங்குகிறார்கள். தீவு முழுக்க இப்படிப் பூங்காக்களை இணைக்கும் பாதைகள் 300 கிலோமீட்டருக்கு மேல் உள்ளன. நல்ல பாதை வீட்டு வாசலுக்கு அருகிலேயே கிடைத்துவிட்டால், நடைக்கு வேண்டிய மன உறுதியில் பாதி மிச்சம். நகரங்களைக் கட்டுபவர்கள் மருத்துவமனைக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தை இத்தகைய பாதைகளுக்கும் கொடுக்க வேண்டும்.

கெண்டைக்கால் செய்யும் வேலை

காலுக்கு இறங்கிய ரத்தம் மீண்டும் இதயத்துக்கு ஏறவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் தசை சுருங்கி, நாளங்களைப் பிழிந்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்குச் சாயங்காலம் கால் கனப்பது இந்த வேலை நடக்காததால்தான்.

இன்னொன்று சர்க்கரை. இயங்கும் தசை, இன்சுலின் உதவி குறைவாக இருந்தாலும் ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பின் நடப்பதை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், மூன்று வேளை உணவுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தபோது நாள் முழுவதும் சர்க்கரை அளவு சீரானது. கலந்துகொண்டவர்கள் பத்தே பேர் என்றாலும், பின்னால் நடந்த ஆய்வுகளும் உணவுக்குப் பிந்தைய நடைக்கு ஆதரவாகவே இருக்கின்றன.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. அங்கு சீனர்களைவிட இந்திய வம்சாவளியினரிடம் இந்நோய் அதிகம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேராக வரும் செய்தி இது.

பத்தாயிரம் காலடி கட்டாயமா?

இல்லை. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சுமார் 47,000 பேரின் தகவல்களைத் திரட்டி 2022இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 6,000 முதல் 8,000 காலடிகளிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுவதைக் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது: அதுதான் மிதமான வேகம்.

காலடியில் கவனம்

கெட்டித் தளத்தில் மெத்தென்ற அடிப்பாகமுள்ள காலணி அவசியம். நீரிழிவு உள்ளவர்கள் செருப்போடு நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. வீடு திரும்பியதும் விரல் இடுக்குவரை பார்த்துவிடுங்கள். சைக்கிள்களும் வரும் பாதை என்பதால் இடப்பக்கமாகவே நடங்கள். பலத்த மழையில் காலாங் ஆறு மளமளவென விரியும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் கரையை விட்டு மேலே ஏறிவிடுங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்று உதவி கேளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மற்றவர்கள் இன்று இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும், தொலைக்காட்சியைப் போடுவதற்கு முன், வீட்டிலுள்ள பெரியவரையும் அழைத்துக்கொண்டு 15 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.