செதிற்கவசமும் முல்லைப்பாட்டின் மெய்ப்பையும்

பத்துப்பாட்டுள் 103 அடிகளால் அமைந்த மிகச் சிறிய பாட்டு முல்லைப்பாட்டு ஆகும். அதில் வேந்தனது பாசறையில் பணிபுரியும் யவனர் 'மெய்ப்பை' புகுந்தவராகக் காட்டப்படுகின்றனர். நச்சினார்க்கினியர் இதனைச் சட்டை என்பார். யவனர் என்றதும் உரோமானியப் படைவீரரை எண்ணும் இன்றைய வாசகர், இதனை உலோகக் கவசமாகக் கொள்ளவும் கூடும். எது பொருந்தும் எனத் துணிவதற்கு, அக்கவசத்தின் ஆக்கமுறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

உரோமானியர் அணிந்த கவசங்களுள் ஒன்றினை ஆய்வாளர் 'லோரிக்கா ஸ்குவாமாட்டா' என வழங்குவர். நாம் அதனைச் செதிற்கவசம் எனலாம். வெண்கலம் அல்லது இரும்பைத் தட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள தகடாக்குவர். அதனைச் சிறு செதில்களாக வெட்டி, அடிமுனையை வளைவாக்கித் துளையிடுவர். பக்கத் துளைகளில் கம்பியை முறுக்கி ஒரு வரிசையாக இணைப்பர். பின்னர் அவ்வரிசையை மேல்துளைகளின் வழியே துணியிலோ தோலிலோ தைப்பர். கீழ்வரிசையில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வதால், ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழுள்ளதன் தையலை மறைக்கும். அம்பாங்கான் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் அத்தாப்புக் கூரை வேய்ந்ததைக் கண்டோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். மழைநீர் வழிவதைப் போன்றே மேலிருந்து விழும் வெட்டும் வழுக்கிச் செல்லும். எனினும், கீழிருந்து மேல்நோக்கிக் குத்தும் ஆயுதம் செதிலைத் தூக்கி உட்புகும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மேல்கீழ் வரிசைகளையும் கம்பியால் பிணைத்த வகை தோன்றியபோது இக்குறை தணிந்தது; ஆயின் கவசத்தின் நெகிழ்ச்சி குறைந்தது. சிரியாவின் தூரா யூரோப்பசு அகழாய்வில், குதிரைக்குரிய செதிற்கவசங்களும் கிடைத்துள்ளன.

இனி முல்லைப்பாட்டிற்கு வருவோம். அங்கு யவனரின் இறுகிய உடையும் மத்திகை என்னும் சவுக்கும் வலிய உடலும் பேசப்படுகின்றன. தகடோ, அதன் ஒளியோ, ஒலியோ பேசப்படவில்லை. அடுத்து வரும் மிலேச்சரும் 'படம்' புகுந்தவராகவே கூறப்படுகின்றனர். அதற்கும் சட்டை என்பதே உரை. மேலும், கவசத்தைக் குறிக்க 'மெய்ம்மறை' என்னும் தனிச்சொல் பதிற்றுப்பத்தில் உண்டு. மறைத்துக் காப்பது மெய்ம்மறை; உடல் புகும் பை மெய்ப்பை. ஆகவே உரையாசிரியர் கூற்றே வலுவுடையது.

இவ்வேறுபாடு சிறிதன்று. கவசம் எனக் கொண்டால், உரோமானியப் படையே தமிழ் வேந்தனுக்காகப் போரிட்டது என்னும் முடிவுக்கு இட்டுச் செல்லும். சட்டை எனக் கொண்டால், தமிழர்க்குப் புதுமையாகத் தோன்றிய உடையுடன் பாசறையில் பணிபுரிந்த அயலாரைக் காண்கிறோம். பாட்டு தருவது பின்னதையே. அதற்குமேல் வரலாறு கூற முற்படுவோர் வேறு சான்று காட்டுதல் வேண்டும்.