ஓர் இரவு தெய்வம்!

நடு இரவு.

தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு சின்னக் கோயில். தீவட்டிகள் எரிகின்றன. செண்டை மேளம் காதைப் பிளக்கிறது.

மரப்பீடம் ஒன்றில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். முகம் முழுவதும் சிவப்புச் சாயம். இடுப்பில் சிவப்புத் துணி. காலில் சிலம்பு. அவருடைய தலையில் பெரிய முடி ஒன்றை வைத்து, இரண்டு பேர் இறுக்கிக் கட்டுகிறார்கள்.

கட்டி முடிந்தது. ஒருவர் சிறிய கண்ணாடி ஒன்றை அவர் கையில் கொடுக்கிறார். அவர் அதில் தம் முகத்தைப் பார்க்கிறார்.

அவ்வளவுதான்! அவருடைய உடம்பு நடுங்குகிறது. சிலம்பு குலுங்குகிறது. பீடத்தை விட்டு எழுந்து நிற்கிறார். கூடியிருக்கும் கூட்டம் முழுவதும் கைகூப்பி வணங்குகிறது.

ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை அவர் மனிதர். இப்போது தெய்வம்!

இது கட்டுக்கதை அல்ல. கேரளத்தின் வடக்கே கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் ஆண்டுதோறும் நடப்பது. இதற்குத் "தெய்யம்" என்று பெயர். நாம் "தெய்வம்" என்று சொல்கிறோமே, அதே சொல்தான் அந்த ஊர் மக்களின் வாயில் "தெய்யம்" ஆகிவிட்டது. அந்தச் சீமையும் நமக்கு அந்நியம் அல்ல. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாநிலங்களைப் பிரிக்கும் வரை இந்த ஊர்கள் எல்லாம் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தன.

மனிதன் தெய்வமாக முடியுமா? பெரிய பெரிய பண்டிதர்கள் எல்லாம் வாதம் செய்த கேள்வி இது. வடமலபார் கிராமத்து மக்கள் இதைப் பற்றி வாதம் செய்வதில்லை. ஐப்பசி மாதம் 10-ந் தேதி வாக்கில் செண்டையை எடுத்து அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வைகாசியில் மழை பிடிக்கும் வரை ஒவ்வோர் ஊரிலும் தெய்வம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

யார் அந்த மனிதர்?

தெய்வமாக நிற்கிறாரே, அவர் யார்? பூசாரியா? நம்பூதிரியா? இல்லை.

வண்ணான், மலையன், வேலன், மாவிலன், புலையன் முதலிய வகுப்பினர்தான் தெய்யம் கட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை அது. இன்ன தெய்வத்தை இன்ன வகுப்பினர்தான் கட்டவேண்டும் என்ற கணக்கும் உண்டு.

அந்தக் காலத்தில் இவர்கள் கோயிலுக்குள் நுழைய முடியாது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி, தூரத்தில் விலகி நிற்கவேண்டும். குருவாயூர்க் கோயிலைத் திறந்துவிடும்படி 1931-ம் ஆண்டில் சத்தியாக்கிரகமே நடந்தது. கதவு திறந்தது 1947-ல்தான்.

பகலில் அப்படி விலகி நின்ற மனிதர், இரவில் முடி வைத்துக் கண்ணாடி பார்த்ததும் என்ன ஆகும்? ஊர்ப் பெரிய தனக்காரர் வருவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பார். தெய்வம் அவர் கையில் மஞ்சள்பொடி கொடுத்து ஆசீர்வாதம் செய்யும். அவருடைய தப்பைச் சுட்டிக்காட்டவும் செய்யும். அவர் வாய் திறக்கமாட்டார்!

நம் ஊர்ச் சாமியாடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் தெய்யம் திடீரென்று வந்து இறங்குவது அல்ல. அதற்கு முறை இருக்கிறது.

முதலில் வெற்றிலையும் பணமும் கொடுத்து நாள் குறிப்பார்கள். இதற்கு "அடையாளம் கொடுப்பது" என்று பெயர். அன்று முதல் அவர் விரதம் இருக்கவேண்டும். மாமிசம் கூடாது, மது கூடாது, மனைவியோடு சேரக் கூடாது. அந்த நாள் வந்ததும் பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வார். இன்னொருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் முகத்தில் கோலம் எழுதுவார். அரிசி மாவு, மஞ்சள், சுண்ணாம்பு, விளக்குக் கரி, சிவப்புக்குச் சாயில்யம் என்ற ஒரு தாதுப்பொடி. இவைதான் சாயம். சில தெய்வங்களுக்கு எழுதி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். பிறகு தெய்வத்தின் கதையைப் பாட்டாகப் பாடுவார்கள். அதற்குத் "தோற்றம்" என்று பெயர். கடைசியில்தான் முடி. அதற்கப்புறம் கண்ணாடி.

மாங்காய் பறித்த பையன்

தெய்யங்கள் நானூறுக்கு மேல் உண்டு என்று சொல்வார்கள். சிவனும் விஷ்ணுவும் பகவதியும் அதில் உண்டு. ஆனால் தோற்றப் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டால் ஓர் ஆச்சரியம் தெரியும். பலர் மேலுலகத்திலிருந்து இறங்கியவர்கள் அல்ல. இதே மண்ணில் பிறந்து, அடிபட்டு, அநியாயமாகச் செத்தவர்கள்!

நீலேசுவரத்தில் கண்ணன் என்று ஒரு பையன். குருவாடன் குறுப்பு என்ற பெரிய மனிதரின் வீட்டில் மாடு மேய்த்தான். ஒருநாள் மாமரத்தில் ஏறி மாங்காய் பறித்தான். ஒரு காய் தவறி, குறுப்பின் மருமகள் மேல் விழுந்துவிட்டது. குறுப்பு கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பையன் மங்களூர்ப் பக்கம் ஓடிப்போனான். அங்கே நரசிம்மமூர்த்தியைக் கும்பிட்டுக்கொண்டு சில வருஷம் இருந்தான். பிறகு ஊர் ஆசை வந்தது. திரும்பி வந்து குளத்தில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தான். குறுப்பு அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டார். அதன் பிறகு அவர் குடும்பத்தில் துன்பத்துக்கு மேல் துன்பம். கடைசியில் குறுப்பே அவனுக்காகத் தெய்யம் கட்ட ஏற்பாடு செய்தார். அதுதான் விஷ்ணுமூர்த்தித் தெய்யம்.

முச்சிலோட்டு பகவதியின் கதையும் கேட்கத் தகுந்தது. அவள் நன்றாகப் படித்த ஒரு பிராமணப் பெண். சபையில் பண்டிதர்களோடு வாதம் செய்தாள். வலிகளில் பெரிய வலி எது என்று கேட்டார்கள். பிரசவ வலி என்றாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று பிடித்துக்கொண்டார்கள். நடத்தை கெட்டவள் என்று பழி சுமத்தி ஜாதியை விட்டே தள்ளிவிட்டார்கள். அவள் தீ மூட்டி அதில் இறங்கினாள். அந்த வழியாக எண்ணெய்க் குடத்தோடு வந்த வாணியர் ஒருவர் அவள் கேட்டபடி எண்ணெயை ஊற்றினார். இன்று வாணியர் குடும்பங்களுக்கு அவளே குலதெய்வம்.

தோற்றவர்களைத்தான் அந்த மக்கள் தெய்வமாக்கினார்கள். பழி சுமத்திய பண்டிதர்களுக்கு அங்கே கோயில் கிடையாது. நம் மதுரை வீரன் கதையும் முத்துப்பட்டன் கதையும் இதே ஜாதிதானே?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இத்தனை பெண்கள் தெய்வமானார்கள். ஆனால் அந்தப் பகவதிகளின் வேஷத்தைக் கட்டி ஆடுகிறவர்கள் ஆண்கள்தான். ஒரு பெண்ணே கட்டுகிற தெய்யம், தெக்கும்பாட்டில் நடக்கும் தேவக்கூத்து மட்டுமே.

சங்கரரை மறித்தவர்

எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது பொட்டன் தெய்யம். மலையாளத்தில் "பொட்டன்" என்றால் செவிடன். அசடன் என்றும் அர்த்தம்.

ஆதிசங்கரர் காலடியில் பிறந்தவர். அத்வைதத்தை உபதேசித்தவர். அத்வைதம் என்றால் என்ன? இரண்டு இல்லை; ஜீவனும் பிரம்மமும் ஒன்றே என்பதுதான். அதாவது, மனிதனுக்குள் இருப்பது தெய்வமே என்ற சித்தாந்தம்!

அப்படிப்பட்ட சங்கரர் ஒருநாள் குறுகலான பாதையில் வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு புலையர் வந்தார். இடுப்பில் குழந்தை, தலையில் கள்ளுப் பானை. விலகி நிற்கும்படி சங்கரர் சொன்னார். அந்த மனிதர் விலகவில்லை. விலகவேண்டியது இந்த உடம்பா, உள்ளே இருக்கும் ஆத்மாவா என்று திருப்பிக் கேட்டார். உடம்பு என்றால், எல்லா உடம்பும் சோற்றால் வளர்ந்ததுதான்; வெட்டினால் இரண்டு பேருக்கும் இரத்தம்தான் வரும். ஆத்மா என்றால், அது எங்கும் ஒன்று என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் நீங்கள்தானே!

சங்கரர் திகைத்து நின்றார். எதிரே நின்றவர் சிவபெருமான் என்று தெரிந்துகொண்டு வணங்கினார்.

காசியில் நடந்ததாகத்தான் இந்தக் கதையை நாம் கேட்டிருக்கிறோம். வடமலபார்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பக்கத்து மலையடிவாரத்திலேயே நடந்தது என்கிறார்கள். எங்கே நடந்தால் என்ன? நம் புராணிகர்கள் கடைசியில் வரும் சிவபெருமானைக் காட்டிக் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. வந்தவர் சிவன் என்பதால்தான் அந்தக் கேள்வி நியாயமாயிற்றா? உண்மையிலேயே ஒரு கூலிக்காரர் கேட்டிருந்தால்?

பொட்டன் தெய்யத்தில் அந்தக் கேள்வியை ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த ஒரு மனிதரே கேட்கிறார். சிரித்துக்கொண்டு, கேலி பேசிக்கொண்டு, கூட்டத்தின் முகத்துக்கு நேரே கேட்கிறார்.

நெருப்புப் படுக்கை

பொட்டன் தெய்யம் நடக்கும் இடத்தில் புளி, செண்பகம் போன்ற மரங்களை அடுக்கி எரிப்பார்கள். அது தணலாகிக் குன்றுபோல் குவிந்து கிடக்கும். இதை "மேலேரி" என்பார்கள். பக்கத்தில் போய் நிற்க முடியாது. முகம் பொசுங்கிவிடும்போல் இருக்கும்.

பொட்டன் அந்தத் தணல்மேல் போய்ச் சாய்ந்து படுத்துக்கொள்வார். படுத்துக்கொண்டு, "குளிருகிறது" என்பார்! அவரோடு கூட வருகிறவர்கள் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவார்கள். மறுபடியும் போய் விழுவார்.

இது தெய்வ சக்தியா? இடுப்பைச் சுற்றித் தென்னங்குருத்து ஓலையைக் கனமாகக் கட்டியிருக்கிறார்கள். முகத்தில் பாக்குமரப் பாளையில் செய்த மூடி. பச்சை ஓலை சூட்டைத் தடுக்கும். ஆனாலும் நெருப்பு நெருப்புதான். தீயில் இறங்கும் தெய்யங்களைக் கட்டுகிறவர்களுக்குத் தீக்காயம் படுவது உண்டு. 2023-ம் ஆண்டில் கண்ணூர் அருகே 14 வயதுச் சிறுவன் ஒருவன் தீச்சாமுண்டித் தெய்யம் கட்டி நெருப்பில் விழுந்தான். கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம் தானாகவே வழக்குப் பதிவு செய்தது. செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். குழந்தையின் தோலைச் சுட்டுத்தான் தெய்வத்தை நிரூபிக்கவேண்டும் என்பது இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தெய்யத்தை வரவழைத்துச் செலவு செய்தவர்கள் பல ஊர்களில் ஜமீன்தார்களேதான். ஓர் இரவு குனிந்தார்கள். மறுநாள் காலையில் பழையபடி நிமிர்ந்துகொண்டார்கள். தெய்வத்தின் வாயிலிருந்து நான்கு சூடான வார்த்தை கேட்டதும் குடியானவர்களின் மனம் ஆறிவிட்டது. பழைய ஏற்பாடும் ஆட்டம் காணாமல் நின்றது.

அப்படியானால் இது வெறும் வேஷம்தானா?

பறசினிக்கடவுக்குப் போனால் அப்படிச் சொல்ல மனம் வராது. கண்ணூருக்குப் பக்கத்தில் வளபட்டணம் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். இங்கே முத்தப்பன் தெய்யம் அநேகமாக ஆண்டு முழுவதும் தினந்தோறும் உண்டு. முத்தப்பனுக்கு நைவேத்தியம் கள்ளும் மீனும்! நாய்களுக்குக் கோயிலுக்குள் ராஜமரியாதை. எந்த ஜாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. வருகிற எல்லோருக்கும் அவித்த பயறும் டீயும் இலவசம்.

முத்தப்பன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கிறார். மகனுக்கு வேலை இல்லை என்கிறாள் ஒரு தாய். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறார் ஒரு கிழவர். தலையில் முடி வைத்த அந்த மனிதர் பொறுமையாகக் கேட்கிறார். ஆறுதல் சொல்கிறார். அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள். இது வேஷம் என்றால், வேஷம் இல்லாமல் இதைச் செய்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பொழுது விடிந்தது

இப்போது அந்தத் தென்னந்தோப்புக்குத் திரும்பிப் போவோம்.

கிழக்கு வெளுத்துவிட்டது. தீவட்டி அணைந்துவிட்டது. முடியை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டார்கள். முடி இறங்கினால் தெய்வமும் போயிற்று. ஓலைக் கொட்டகையில் அந்த மனிதர் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி முகத்தில் தேய்க்கிறார். சிவப்பும் கறுப்பும் கலந்து வழிகிறது. கயிறு இறுக்கிய இடமெல்லாம் கன்றியிருக்கிறது.

இவர்களில் கூலி வேலை செய்கிறவர் உண்டு. கிணறு வெட்டுகிறவர் உண்டு. சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறவரும் உண்டு. தெய்யக் காலத்தில் லீவு போட்டுவிட்டு வருவார்.

இரவு அவர் காலடியில் விழுந்த பெரியவர் அந்தப் பக்கமாக வருகிறார். இவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். அந்தக் காலமாக இருந்தால் எழுந்து, கொட்டகையை விட்டு வெளியே போய் நின்றிருக்கவேண்டும். பெரியவர் தோளைத் தொட்டு உட்காரவைக்கிறார். பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ கொண்டுவரச் சொல்கிறார். இரண்டும் ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர்.

இருவரும் குடிக்கிறார்கள். இன்னும் மூன்று நாளில் அடுத்த ஊரில் தெய்யம் கட்டவேண்டும். அதற்கான அடையாள வெற்றிலை அவர் வீட்டில் இருக்கிறது.