உங்களுக்குத் தெரியுமா? சருகுதான் சாப்பாடு!

குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தானியத் தட்டு வைத்துக் காத்திருப்பது ஐரோப்பிய வழக்கம். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துச் சருகே பந்தி விரித்துவிடுகிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் ஆறுமணிக் குருவி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. தானியத்தை ஏறெடுத்தும் பார்க்காது. அலகால் இலை இலையாகப் புரட்டி, அடியில் நெளியும் புழு பூச்சிகளைக் கொத்தும். குட்டை வால் மெல்ல மேலும் கீழும் ஆடும்.

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் அதைப் படமெடுக்க ஆசையா? தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். அப்போது கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்குங்கள். பிளாஷ் கூடவே கூடாது. பார்த்ததைப் பதிவுசெய்ய, 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது.